பிரேக் லைட்டும் ஒரு ‘தா’வும்

சிக்னலில் வண்டி நின்றால் எனக்குக் கையும் காலும் சும்மா இருக்காது. முன்னால் நிற்கிற வண்டியின் பின்விளக்குகளைத்தான் பார்ப்பேன். இடது பக்கம் எரிகிறதா, வலது பக்கம் எரிகிறதா, கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் மூன்றாவது விளக்கு என்ன செய்கிறது என்று கண் தானாக ஓடும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகும் சிவப்பு அணையாத வண்டி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இறங்கிப் போய் அந்த ஆளின் கண்ணாடியைத் தட்டலாமா என்று துடிப்பேன். ஓட்டுகிற என் மகன், "வேலைய விட்டு ரெண்டு வருசமாச்சும்மா. சும்மா உக்காந்து வாங்கலா" என்பான். சும்மா உட்காரத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

முப்பது வருடத்துக்கு மேல் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கார் பட்டறையின் முன் கவுண்டரில் நின்றவள் நான். வண்டி கொண்டு வருகிறவர் சொல்வதைக் கேட்டு, உள்ளே இருக்கும் ஃபோர்மனிடம் சொல்வது என் வேலை. மெக்கானிக்கை எங்கள் ஊரில் ஃபோர்மன் என்றுதான் சொல்வோம். வருகிறவர் தமிழில் சொல்வார், மலாயில் சொல்வார், இங்கிலீஷில் சொல்வார். ஃபோர்மனுக்கோ கன்டோனீஸ் என்ற சீன பாஷை மட்டும்தான் காதில் ஏறும். நடுவில் நின்று மாரடித்தது நான்.

போன மாதம் தவுக்கேயின் மகள் கூப்பிட்டாள். தவுக்கே என்றால் சீன முதலாளி. இப்போது பட்டறையை நடத்துவது அவர் மகள்தான். "ஆன்ட்டி, கவுண்டர்ல உள்ளவங்களுக்கு ஒரு நாள் வந்து பேசுங்க. கஸ்டமர் பில்லுக்குச் சண்டை போட்டா எப்படிச் சமாளிக்கிறதுன்னு சொல்லுங்க" என்றாள். போனேன். கவுண்டரே இல்லை அங்கே. சோபா போட்டிருக்கிறார்கள், காப்பி மெஷின் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு திரை கையில். நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் வந்து, "பிரேக் லைட்டு..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அங்கே இருந்த பெண் திரையில் ‘பிரேக் லைட்’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டாள். உடனே செலவுக் கணக்கு ஒன்று வந்து நின்றது. எரியவில்லையா, அணையவில்லையா என்று அந்த மனிதரை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு நாற்காலியில் முள் முளைத்துவிட்டது. என்னமோ நாலு வார்த்தை பேசிவிட்டு, கொடுத்த கேக்கைக்கூடத் தின்னாமல் எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்தை விற்றார்கள், பால்மரத்தை எல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு வேலை தேடினேன். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோர் கதையும் அதுதான்.

வேலை கேட்டுப் போன அன்று தவுக்கே கவுண்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை பனியன், அரைக்கால் சட்டை, அதன் பையில் பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச். பெயர் என்ன என்று மலாயில் கேட்டார்.

"வளர்மதி. மதின்னு கூப்பிடுவாங்க."

துணி நின்றுவிட்டது. "மாத்தி? தா போலே லா" என்றார். முடியாதாம்.

மலாயில் ‘மாத்தி’ என்றால் சாவு. ஆள் போனாலும் அந்தச் சொல்தான், இஞ்சின் நின்றாலும் அதுதான், விளக்கு அணைந்தாலும் அதுதான். சீனர் காதுக்கு என் பெயரும் அந்தச் சொல்லும் ஒன்றாகவே விழுந்தன. கடையில் நாள் முழுக்கச் சாவு, சாவு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எவன் வண்டி கொண்டு வருவான் என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘அமோய்’. சின்னப் பெண் என்று அர்த்தம். தலை நரைத்துப் பேரன் பிறந்த பிறகும் நான் அங்கே அமோய்தான்.

கன்டோனீஸ் அவரிடம் கற்றேன். முதலில் வசவு, அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் பெயர்கள், கடைசியில்தான் "சாப்பிட்டியா" என்பது. தவுக்கே கோபக்காரர், ஆனால் கத்த மாட்டார். கோபம் வந்தால் துணியை எடுத்துக் கவுண்டர் கண்ணாடியைத் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்ததைப் பார்த்தாலே உள்ளே எல்லோரும் ஆளுக்கொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. பேசுகிறவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார். இஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கேட்டு, மனிதர்களையும் அப்படியே கேட்கப் பழகிவிட்டார். நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கலாம், அவர் தரையையோ வண்டியின் டயரையோ பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கவில்லையோ என்று நினைத்தால் தப்பு. ஒரு வார்த்தை விடாமல் காதில் வாங்கியிருப்பார்.

நல்ல பழக்கமும் உண்டு. எந்தப் பொருளை மாற்றினாலும் பழையதைத் தூக்கிப்போட விடமாட்டார். புதியது வந்த பெட்டியிலேயே பழையதைப் போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பில் நீட்ட வேண்டும். "பழசக் காட்டாம காசு வாங்குனா அது திருட்டு" என்பார். அந்த ஒன்றுக்காகவே நான் அவரிடம் இத்தனை வருடம் நின்றேன் என்று சொல்லலாம்.

நானும் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். "வண்டி சரியில்ல" என்று யாராவது வந்தால் உடனே உள்ளே அனுப்ப மாட்டேன். எப்போது சரியில்லை, நிற்கும்போதா ஓடும்போதா, மழை பெய்த பிறகா, காலையில் எடுக்கும்போதா என்று குடைவேன். சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும். ஒரு கேள்வி கூடக் கேட்டால் ஒரு பொருள் குறைவாக மாற்றுவோம். அது எனக்குத் தெரியும், தவுக்கேக்கும் தெரியும், அதனால்தான் அவர் என்னை அதட்டியதில்லை.

இனி லெச்சுமி அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

லெச்சுமி அக்கா எங்கள் பழைய தோட்டத்தைவிட்டுப் போகாதவர். புருஷன் இறந்த பிறகு ஒரு பழைய வேன் வாங்கி, தோட்டத்து லயத்து வீடுகளிலும் பக்கத்துக் கம்பத்திலும், அதாவது மலாய்க் கிராமத்திலும், மிச்சமிருந்த பிள்ளைகளைச் செமோர் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போய் வந்தார். அந்த வேன்தான் அவருக்குச் சோறு. என்னைவிட மூத்தவர், வாயும் என்னைவிட நீளம். வேனுக்கு எந்தக் கோளாறு வந்தாலும் எங்கள் பட்டறைக்குத்தான் வருவார், ஏனென்றால் கவுண்டரில் நான் இருக்கிறேன்.

அந்தத் தடவை நான் இல்லை. தெலுக் இந்தானில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். விடுப்பில் போய்விட்டேன்.

நடந்ததைப் பின்னால் கோர்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் பிள்ளைகளை இறக்குவதற்காக அக்கா வேனை ஓரம் கட்டியிருக்கிறார். பின்னால் வந்த செம்பனைக் குலை லாரி இடித்துவிடுகிற மாதிரி வந்து நின்றிருக்கிறது. லாரிக்காரன் இறங்கி வந்து, "என்னாக்கா, பிரேக்க மிதிச்சுக்கிட்டேவா ஓட்டுறீங்க? லைட்டு அணையவே மாட்டேங்குது. எப்ப ஓடுறீங்க, எப்ப நிக்கிறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறான். அக்கா திரும்பி வேனைப் பார்த்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். மறுநாள் காலை பார்த்தால் பேட்டரியும் காலி. இரவெல்லாம் எரிந்த பிரேக் லைட்டு அதைக் குடித்துவிட்டது. லயத்து ஆட்களைத் தள்ளச் சொல்லி வண்டியைக் கிளப்பி, அக்கா நேரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

கவுண்டரில் தவுக்கே. அக்காவுக்குக் கன்டோனீஸ் தெரியாது, தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மலாயில் பேச்சு நடந்தது. "தவுக்கே, லம்பு பிரேக் தா மாத்தி. பத்தேரி ஹாபிஸ்" என்று அக்கா சொன்னார். பிரேக் லைட்டு அணையவில்லை, பேட்டரி காலி என்று அர்த்தம்.

தவுக்கே டயரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். உள்ளே போய் ஆ செங்கிடம், பிரேக் லைட்டு செத்துவிட்டது, பேட்டரியும் செத்துவிட்டது, பிள்ளைகள் போகும் வண்டி, குறை வைக்காமல் எல்லாவற்றையும் மாற்று என்று சொல்லிவிட்டார். ஆ செங் எங்கள் ஃபோர்மன். ஒயரிங் வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை, பேச்சில் மட்டும் கஞ்சன். பின்னால் ஒரு பக்க விளக்கின் ஹோல்டர் உருகிப்போயிருப்பதைப் பார்த்தான். சரிதான், இதனால்தான் செத்தது என்று முடிவு கட்டினான். இரண்டு பக்க விளக்கையும் மாற்றி, புது ஒயர் இழுத்து, புது பேட்டரி வைத்தான். ஒருவன் பிரேக்கை மிதிக்க, இன்னொருவன் பின்னால் நின்று பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. எரியாத விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது. பில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அக்கா கையில் இருந்ததைப் புரட்டிப் பாதி கட்டிவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைகளிடம் வேன் காசு வசூலானதும் தருகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் பேட்டரி திரும்பவும் காலி. வேனைத் திரும்பவும் பட்டறைக்கே கொண்டுவந்து விட்டார்.

நான் கல்யாணம் முடிந்து வேலைக்கு வந்த அன்று முதல் ஆளாக உள்ளே வந்தது அக்காதான். கையில் இருந்த பழைய சாமான் பெட்டியைக் கவுண்டர் மேல் டமாரென்று வைத்தார்.

"என்னாடி மதி நடக்குது இங்க? காசயும் வாங்கிட்டு, இப்ப வண்டியயும் விடமாட்டேன்னு சொல்றாரு ஒங்க தவுக்கே. பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்ட்டர்னேட்டர் போயிருக்குமாம். அதயும் மாத்தணுமாம். மொதப் பில்ல மொதக் கட்டுன்னு சொல்றாரு."

"பொறுங்கக்கா, நான் பாக்குறேன்."

"பொறுக்க எங்க நேரம் இருக்கு? பிள்ளைங்க ரோட்டுல நின்னுச்சுங்க. அப்பனுங்க மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் போனானுங்க. புது வேனு வச்சிருக்கவன் ஒருத்தன் வீடு வீடாப் போயி, நாளைலேர்ந்து நான் ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டான். நாளைக்குக் காலைல என் வண்டி அங்க போயி நிக்கலன்னா என் பொழப்பு போச்சு மதி. நீ இருந்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உள்ளூர இனித்தது. உண்மைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தேன். பழைய பல்பு ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினேன். செத்த பல்பு என்றால் உள்ளே அறுந்த கம்பி கிணுகிணு என்னும். இதில் சத்தமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது, கண்ணாடிதான் கருத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. செத்த பல்பு இல்லை இது, ஓயாமல் எரிந்த பல்பு.

"அக்கா, அன்னைக்கு வந்து தவுக்கேகிட்ட என்னா சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

"என்னா சொன்னேன்? லம்பு பிரேக் தா மாத்தின்னேன். அணையலன்னுதானே சொல்லணும்?"

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது.

மலாய் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இல்லை என்பதற்கு ஒரு ‘தா’ உண்டு. ஆகிவிட்டது என்பதற்கும் ஒரு ‘தா’ உண்டு. முதலாவதைத் தயிர் என்கிற மாதிரி அழுத்தமாக ஆரம்பித்து, தொண்டையில் வெட்டி நிறுத்த வேண்டும். இரண்டாவது மெத்தென்று ஆரம்பித்து மூச்சோடு முடியும். மலாய்க்காரர் வாயில் இரண்டும் வேறு வேறு. எங்கள் வாயில் இரண்டும் ஒரே ‘தா’. சீனர் காதிலும் அப்படித்தான். ஒரு ‘தா’வுக்கு விளக்கு அணையவில்லை. இன்னொரு ‘தா’வுக்கு விளக்கு செத்துவிட்டது. அக்கா முதலாவதைச் சொன்னார், தவுக்கே இரண்டாவதைக் கேட்டார். எரிகிறதா என்றுதான் பட்டறையில் எல்லோரும் பார்த்தார்கள். அணைகிறதா என்று ஒருவனும் பார்க்கவில்லை.

உள்ளே ஓடினேன். ஆ செங்கிடம், "செத்துப்போகல, அணையல. அவங்க சொன்னது அணையலன்னு" என்று கன்டோனீஸில் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்த ஒரு வார்த்தை அவனுக்குப் போதும். தவுக்கேயின் டார்ச்சை வாங்கிக்கொண்டு போய் வேனின் முன் கதவைத் திறந்து, பிரேக் பெடலுக்கு மேலே தலையைவிட்டான்.

பிரேக் லைட்டுக்கு ஸ்விட்ச் பெடலுக்கு மேலேதான் இருக்கும். அதில் ஒரு சின்னப் பொத்தான். நாம் காலை எடுத்தால் பெடலின் கை மேலே வந்து பொத்தானை அழுத்தும், விளக்கு அணையும். மிதித்தால் பெடல் கீழே போகும், பொத்தான் வெளியே வரும், விளக்கு எரியும். பொத்தான் வந்து இடிக்கிற இடத்தில் பெடலின் கையில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டையை அடைக்க நகம் அளவுக்கு ஒரு ரப்பர் துண்டு. வருடக்கணக்கில் வெயிலில் வெந்து அது உதிர்ந்துவிட்டால் பொத்தான் ஓட்டைக்குள் போய்விடும். வண்டி, யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். இந்த வேனில் அது பாதி உதிர்ந்து பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் பட்டறையில் பெடலை மிதித்து விட்டபோது பொத்தான் அதில் முட்டி விளக்கு அணைந்திருக்கும். தோட்டத்து மண் ரோட்டில் குலுங்கிய பிறகு நழுவியிருக்கிறது.

ஆ செங் பெடலுக்குக் கீழே கிடந்த மிதியடியிலிருந்து பழுப்பு நிறத் தூள் கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்துக் காட்டினான். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதா? நான் பிள்ளைங்க தின்ன முறுக்குத் தூளுன்னு நெனச்சு தெனம் கூட்டிக் கொட்டுனேன்லா."

ஒரு சின்ன போல்ட்டும் நட்டும் ஒரு ரப்பர் வளையமும் போட்டு ஆ செங் ஓட்டையை அடைத்தான். ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மிதிக்கச் சொன்னேன், எரிந்தது. விடச் சொன்னேன், அணைந்தது. வேனை அங்கும் இங்கும் குலுக்கிப் பார்த்தோம், அணைந்தே இருந்தது. பேட்டரி ஏன் காலியானது என்பதும் தெரிந்துவிட்டது, ஆல்ட்டர்னேட்டருக்கு வேலையே இல்லை.

கோளாறு தீர்ந்தது. சண்டை இனிமேல்தான்.

தவுக்கே துணியை எடுத்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மிச்சப் பாதியை இன்றைக்குக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். "செத்துப்போச்சுன்னு அவ சொன்னா. செத்ததுக்கு நான் சாமான் போட்டேன். சாமான் வண்டியில இருக்கு. ஆள் வேலை செஞ்சிருக்கான்."

அக்காவிடம் சொன்னேன். அக்கா இடுப்பில் கையை வைத்தார். "நான் எங்கடி செத்துப்போச்சுன்னேன்? ஒத்தக் காசு குடுக்க மாட்டேன். குடுத்த காசயும் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

இரண்டு பேர் சொல்வதையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு ஒரு கட்டத்தில் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதுவரை வாடிக்கையாளர் முன்னால் தவுக்கேயை நான் எதிர்த்துப் பேசியதில்லை. "தவுக்கே, அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஒங்க காதுதான் தப்பு" என்றேன். கன்டோனீஸில்தான் சொன்னேன், ஆனால் பட்டறை முழுக்கக் கேட்டது. வண்டிக்கு அடியில் இருந்தவர்கள் இன்னும் உள்ளே போய்விட்டார்கள்.

"அவ வாயில கோளாறு, என் காது என்ன பண்ணும்?"

"அப்ப நீங்க ரெண்டு தாவையும் சொல்லுங்க, பாப்போம்."

அந்த நேரம் பார்த்து காக் சோம் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு உள்ளே வந்தார். வாசலில் கடை போட்டிருக்கும் மலாய்க்கார அம்மா. அவரைப் பிடித்து, சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். "தவுக்கே ஒரு வார்த்தை சொல்வார். எந்தத் தா என்று நீங்கள் சொல்ல வேண்டும்" என்றேன். காக் சோம் பொட்டலங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

தவுக்கே துணியைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இல்லை என்கிற தாவைச் சொன்னார்.

"ஆகிவிட்டது" என்றார் காக் சோம்.

தவுக்கே இன்னொரு தரம் சொன்னார். அதற்கும் "ஆகிவிட்டது" என்றே பதில் வந்தது. அக்காவுக்குக் குஷி. "பாத்தியா, அவரு வாயே அந்த லட்சணம்" என்று முன்னால் வந்து, தானும் அந்தத் தாவைச் சொன்னார்.

"ஆகிவிட்டது."

அக்கா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நான் சிரித்தேன். எனக்கென்ன, இத்தனை வருடமாக மூன்று பாஷையிலும் வாய் ஓய்ந்ததில்லை. நான் சொல்லிக் காட்டுகிறேன் என்று, தொண்டையை வெட்டி, அழுத்தமாக, அழகாகச் சொன்னேன்.

காக் சோம் கொஞ்சம் யோசித்தார். "ஆகிவிட்டது" என்றார்.

நான் இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது என்று காலையிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேனே, அது அப்படியே இறங்கிவிட்டது. காக் சோம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறீர்கள். நான் உங்கள் முகத்தையும் கையையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். ‘இல்லை’ என்று சொல்லும்போது கையை ஆட்டுவீர்களே" என்றார். பொட்டலங்களைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா மெதுவாகச் சொன்னார். "நானும் அன்னைக்குக் கைய ஆட்டித்தான் சொன்னேன். அவரு டயரப் பாத்துக்கிட்டு நின்னாரு."

அதையும் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் துணியை எடுத்தார், துடைக்காமலே திரும்ப வைத்தார். அப்புறம் முதல் தடவையாக நிமிர்ந்து அக்கா முகத்தைப் பார்த்தார். "பாதி வாய் அவளோடது. பாதி காது என்னோடது. பாதிக் காசு ஏற்கெனவே வந்துடுச்சு. முடிஞ்சது" என்றார். சாவியை எடுத்துக் கண்ணாடி மேல் தள்ளினார். மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயில் எந்தப் பாஷையிலும் வராது. வெளியே போய் மோட்டார் சைக்கிளில் விற்றுக்கொண்டு வந்தவரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் தாவ் ஃபு ஃபா வாங்கினார், சோயாப் பாலில் செய்யும் இனிப்பு. அக்காவுக்கும் ஒரு கோப்பை.

அக்கா அதைத் தொடவில்லை. "என் வாயப் பாதின்னு சொல்லிட்டாரு இல்ல? காசு போனாப் போவட்டும். என் வாயி முழுசுதான்னு சொல்லு அவருகிட்ட. இனிமே இந்தக் கடைப் படி மிதிச்சா நான் லெச்சுமி இல்ல."

என் வேலைக்காலத்திலேயே ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் வேன் லயத்து முன்னால் போய் நின்றது. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் புது வேனுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் எல்லோரும் அக்கா வேனிலேயே ஏறினார்கள். அந்த இரண்டு வீட்டுக் கணக்கை அக்கா தவுக்கே தலையில்தான் எழுதினார். அதன் பிறகு வண்டிக் கோளாறு என்றால் தஞ்சோங் ரம்புத்தான் போய்விடுவார். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர் அது. "ரிப்பேருக்குத்தானே போறீங்க, வைத்தியத்துக்கு இல்லயே" என்று கேட்டு நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என்னோடு சிநேகம் குறையவில்லை. தவுக்கே பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பட்டறையில் ஒரு சட்டம் வந்தது. யார் என்ன சொன்னாலும் கவுண்டரில் நின்று கேட்டு எழுதக்கூடாது. வண்டிக்குப் பக்கத்தில் அழைத்துப்போய், நடப்பதைக் கையால் காட்டச் சொல்ல வேண்டும். விளக்கு என்றால் எரிகிறதா, அணைகிறதா, இரண்டையும் பார்க்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது தவுக்கேதான். டயரைப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, வருகிறவர் முகத்தை உற்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். சில பெண்பிள்ளைகள் பயந்தார்கள்.

நான் வேலையைவிட்டு வந்த மறுவருடம் தவுக்கேக்கு ஸ்ட்ரோக். பிழைத்துக்கொண்டார், ஒரு பக்கம் விழுந்துவிட்டது. என் மகன் அப்போது வெளியூரில். பெரியாஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போக ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோது அக்கா வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "ஒன்னயக் கொண்டாந்து விடுவேன். உள்ள வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

கட்டிலில் தவுக்கே பாதி ஆளாக இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்கி, கோணல் வாயால் என்னமோ சொன்னார். குனிந்து கேட்டேன். "தா... மாத்தி" என்றார். ஒரு நொடி, இத்தனை வருடம் கூப்பிடாத என் பெயரைக் கூப்பிடுகிறாரோ என்று நினைத்துவிட்டேன். அப்புறம் அவர் கையை இல்லை, இல்லை என்று ஆட்டுவதைப் பார்த்தேன். சாகவில்லையாம். கண்ணில் குறும்பு. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

வெளியே வந்தேன். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னா சொன்னாரு?"

"தா மாத்தின்னாரு."

அக்கா சட்டென்று திரும்பினார். "எந்தத் தா?"

எனக்கு வந்ததே கோபம். "கடைச் சட்டம் தெரியும்ல? கேட்டு எழுதக்கூடாது. போயி நேர்ல பாத்துட்டு வாங்க."

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் கதவைத் திறந்து இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். வெயிலில் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உட்கார முடியவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா கண் சிவந்திருந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"என் மூஞ்சியவே பாத்தாருடி. ‘லம்பு?’ன்னாரு. ‘பாகுஸ், தவுக்கே, நல்லா இருக்கு’ன்னேன். அவ்வளவுதான் பேசுனோம்." மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "அவருக்குப் பாதி வாயாப் போச்சு மதி. முழு வாயயும் வச்சுக்கிட்டு நான் இத்தன வருசம் பேசாம இருந்துட்டேன்."

அக்கா காலை பிரேக்கில் வைத்தார்.

"பின்னால போயி பாரு. எரியுதா, அணையுதா, ரெண்டயும் பாரு."

போய்ப் பார்த்தேன். எரிந்தது. அணைந்தது. வந்து ஏறிக்கொண்டேன்.